கடை முகவரியில் பதினோரு பேர்

நம் கல்லூரியின் நான்கு துறைகளுக்கும் ஜி.ஐ.எஸ். என்கிற கணினி வரைபடப் பாடம் கற்பிக்க இந்தக் கல்வித் தவணையில் புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று இப்போதைய டீன் தொலைபேசியில் சொன்னார். உங்களுக்கு ஊக்கமூட்டும்படி ஏதாவது எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். ஊக்கமூட்டுவது எனக்கு வராது. இருபத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் நின்று நான் சம்பாதித்தது முழங்கால் வலியும் கொஞ்சம் வாய்த்துடுக்கும்தான். அந்த வாய்த்துடுக்கால் வரவிருந்த ஒரு பெரிய கெடுதலைப் பற்றி எழுதுகிறேன், சம்மதமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மென்பொருளைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் மாணவர்கள் சொல்லித் தருவார்கள்.

நான்கு துறைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புவியியல் மாணவர்கள் வரைபடம் தங்கள் பாட்டன் சொத்து என்று நினைப்பார்கள். சுற்றுச்சூழல் மாணவர்கள் எதைக் கொடுத்தாலும் பச்சை வண்ணம் பூசித் திருப்பித் தருவார்கள். தாதியர் துறைப் பெண்கள் முதல் நாளே “மிஸ், இது எங்களுக்கு எதுக்கு?” என்பார்கள். சரக்குப் போக்குவரத்துத் துறைப் பையன்கள் பத்து காவான் தொழிற்பேட்டைக் கிடங்குகளில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று கடைசி வரிசையில் கண்ணயர்வார்கள். நானும் அப்படித்தான் அவர்களைத் தரம் பிரித்து வைத்திருந்தேன். முதல் வரிசைக்குப் பாடம், கடைசி வரிசைக்குக் கிண்டல்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குமாஸ்தாக்கள். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வே அலுவலகத்தில் உட்கார்ந்தார். அப்பா நில அலுவலகத்தில் உட்கார்ந்தார். பதிவேட்டில் இருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் ஆள் இல்லை என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்க்கப்பட்டவள் நான். இந்தத் தொழிலுக்கு அது நல்ல குணம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டு ஓரத்து மரங்களை மாணவர்களை விட்டு அளக்கச் சொன்னேன். அளவுகளைக் கணினியில் ஏற்றியபோது ஏதோ ஒரு அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். மரங்கள் அத்தனையும் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் முளைத்து நின்றன. வகுப்பு சிரித்தது, எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போது எனக்கு மூத்தவராக இருந்த ஒருவர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கடல்ல விழுந்த தப்பு நல்ல தப்பும்மா. அது கூப்பிட்டுக் காட்டிருது. ரோட்டுமேல ஒழுங்கா வந்து நிக்கிற தப்புக்குத்தான் பயப்படணும்” என்றார். இதை ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன். கடைசியில் அந்தத் தப்பு ரோட்டுமேல் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது. சுங்கை பினாங் ஆற்றுப் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். மலையில் மழையும் கடலில் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஆற்றுக்குப் போக இடம் இல்லை, வீடுகளுக்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் நடக்க முடியாதவர்களைத் தூக்கி வர ஒரு தொண்டர் குழு இருந்தது. இரண்டு படகுகள், பன்னிரண்டு ஆட்கள். தலைவர் சேகர் அண்ணன், தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் எல்லாரும் கடலுக்கு அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில் இருப்பவர்கள். பாலம் தாண்டித்தான் வர வேண்டும்.

அவர் கல்லூரிக்கு வந்து கேட்டார். “எங்க பசங்களுக்கு அந்த ஏரியா சந்து பொந்து தெரியாது மிஸ். கிளினிக்குல ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க, நடக்க முடியாதவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்க பேரும் அட்ரஸும். அத ஒரு மேப்பா போட்டுக் குடுத்தீங்கன்னா, யார மொதல்ல தூக்கணும்னு தெரிஞ்சிரும்.”

நான்கு துறை மாணவர்களும் சேர்ந்து செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை வருமா? எனக்கு அதில் ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. ஜி.ஐ.எஸ். பாடம் நான்கு துறைக்கும் தேவையா, புவியியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அந்த ஆண்டு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. இந்த வரைபடத்தை நான்கு துறைத் தலைவர்கள் முன்னால் வைத்துச் சேகர் அண்ணன் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

பட்டியலில் அறுபத்து நான்கு பெயர்கள். முகவரிகளைக் கொடுத்தால் கணினி ஒவ்வொன்றையும் தேடி வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கும். வழக்கமாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்தாவது கிடைக்காமல் போகும், நாம் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும். இந்த முறை அறுபத்து நான்கும் கிடைத்துவிட்டன. ஒன்றுகூட விடுபடவில்லை. தாழ்வான நிலத்தை நீல நிறத்தில் போட்டோம். நீலத்துக்குள் விழுந்த புள்ளிகளை முதல் சுற்றில் தூக்க வேண்டும், வெளியே இருப்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வகுப்பில் ஒத்திகை வைத்தோம். சரவணன் என்று ஒரு மாணவன், சரக்குப் போக்குவரத்துத் துறை. வயதில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவன். மாலையில் மோட்டாரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தான். காலை வகுப்புக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அன்றும் நாற்பது நிமிடம் கழித்து மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வந்த கையோடு கையைத் தூக்கினான்.

“மிஸ், ரோட்டோரத்துல அந்தக் கடை இருக்குல்ல, அந்தப் புள்ளியில...”

“லேட்டா வர்றவங்க கேள்வியையும் லேட்டா கேக்கலாம்” என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் நகைச்சுவையாகப் பேசுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அவன் கையை இறக்கிக்கொண்டான். வகுப்பு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அது இல்லை. அவன் கை தூக்கியதையே மறந்துவிட்டேன். அவனுக்கு வருகை குறைவு என்று இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் ஏற்கனவே தபாலில் போயிருந்தன. பதில் இல்லை. கோப்பில் ‘பதில் இல்லை’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். மூன்றாவது கடிதம், அதாவது தேர்வு எழுத அனுமதி இல்லை என்கிற கடிதம், ஒப்படைப்பு நாள் காலையில் கையெழுத்தாகி என் கைப்பைக்குள் இருந்தது. தேர்வுப் பிரிவின் கணினியிலும் தடைப் பட்டியலில் அவன் பெயரைப் பதிந்துவிட்டேன். இரண்டும் பத்து நிமிட வேலை.

ஒப்படைப்பு காலை பத்து மணிக்கு. விடியற்காலையிலிருந்தே மழை. டீனும் நான்கு துறைத் தலைவர்களும் முன் வரிசையில் இருந்தார்கள். எனக்குப் பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்கு அச்சடித்த வரைபடம். மாணவர்கள் அழகாகப் பேசினார்கள், கைதட்டல் கிடைத்தது. சேகர் அண்ணன் மட்டும் கைதட்டவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, கையில் பெயர்ப் பட்டியலோடு வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

“இன்னிக்கு சாயங்காலம் கடல் ஏத்தம் மிஸ். மழ இப்படியே பேஞ்சா இன்னிக்கே போட்டைத் தண்ணில எறக்க வேண்டியிருக்கும். அதான் இப்பவே குறிச்சிக்கிறேன்” என்றார்.

நீலத்துக்குள் இருந்த பெயருக்கு ஒரு டிக். வெளியே இருந்தால் கோடு போட்டு அடித்துவிட்டு, கடைசிச் சுற்றுக்கு என்று ஓரத்தில் ஒரு எண். இப்படியே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இது என்ன, ஒரே அட்ரஸ்ல பதினோரு பேரு?”

நான் எட்டிப் பார்த்தேன். சாலையோரத்துக் கடையின் எண். அந்தச் சாலை மேடு, நீலத்துக்கு நன்றாக வெளியே இருந்தது. பதினோரு பேரும் ஒருவர்மேல் ஒருவராக ஒரே புள்ளியில் இருந்ததால் வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரிந்தது.

“கடைக்கு மேல ரூம் வாடகைக்கு விட்டிருப்பாங்க அண்ணே. இங்க பழைய கடைங்கள்ல எல்லாம் அப்படித்தான்” என்றேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எனக்கு அந்தக் கடை தெரியாது. அதற்கு மாடி இருக்கிறதா என்றும் தெரியாது. ஆனால் கேள்வி வந்த அடுத்த நொடி பதில் வந்துவிட்டது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது, ஜார்ஜ்டவுனில் உண்மையாகவும் இருக்கக்கூடியது. சேகர் அண்ணனும் தலையாட்டினார். “மேட்டுல இருக்காங்க, அதுவும் மாடியில. கடைசியில பார்த்துக்கலாம்” என்று பதினோரு பெயர்களுக்கும் சேர்த்து நீளமாக ஒரு கோடு இழுக்கப் பேனாவை வைத்தார்.

“அண்ணே, அத வெட்டாதீங்க.”

கடைசி வரிசையிலிருந்து சரவணன் எழுந்து நின்றிருந்தான்.

“ஏன் தம்பி?”

“அந்தக் கடைக்கு மாடியே இல்லண்ணே. அவங்கல்லாம் பின்னால இருக்காங்க. ஆத்தோரம், பலகை வீடு. அங்கதான் மொதல்ல தண்ணி வரும்.”

துறைத் தலைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒத்திகையில் அவன் கை தூக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

“சரவணன், அட்ரஸ் எல்லாமே கெடச்சிருச்சி. ஒண்ணுகூட விட்டுப் போகல” என்றேன்.

“அட்ரஸ் கெடச்சிருச்சி மிஸ். ஆளுங்கதான் அங்க இல்ல. பின்னால உள்ள வீட்டுக்கு நம்பர் கெடையாது. லெட்டர் வரணும், பார்சல் வரணும்னா எல்லாரும் கடை நம்பரத்தான் குடுப்பாங்க. கிளினிக்குலயும் அதத்தான் குடுத்திருப்பாங்க. நானே அந்தக் கடையில எத்தன பார்சல் வச்சிருக்கேன்.”

டீன் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார். எங்கள் அப்போதைய டீனும் தமிழர்தான், நல்ல மனிதர், ஆனால் சபையில் ஒரு சலசலப்பு வந்தால் தாங்கமாட்டார்.

“மேப்ப இப்ப குடுத்து அனுப்பிருங்க லா. அடுத்த வாரம் திருத்தி ஈமெயில்ல போட்டுக்கலாம். நாலு ஹெட்டும் உக்காந்திருக்காங்க.”

அவர் சொன்னது அவ்வளவு தவறு என்று அந்த நேரத்தில் எனக்குப் படவில்லை என்பதுதான் உண்மை. அறுபத்து நான்கில் ஐம்பத்து மூன்று சரியாகத்தானே இருக்கிறது என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. இந்தப் பாடம் போய்விடும், இத்தனை ஆண்டு உழைப்பு போய்விடும் என்று இன்னொரு கணக்கு. ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்திருந்தது. சேகர் அண்ணனின் பேனா அந்தப் பதினோரு பெயர்களுக்கு மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் என்ன சொல்கிறேனோ அதை அவர் செய்வார் என்று தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

“அண்ணே, இந்த மேப்ப எடுத்துட்டுப் போகாதீங்க. தப்பா இருக்கு” என்றேன். “தப்பு பசங்களோடது இல்ல. என்னோடது.”

சுவரிலிருந்து அதைக் கழற்றும்போது ஒட்டுநாடா சுவரின் சாயத்தையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு வந்தது. சேகர் அண்ணன் முகம் சுளிக்கவில்லை. “அப்ப மத்த புள்ளியெல்லாம்?” என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. மாணவர்களைக் கணினி முன்னால் உட்காரவைத்து, ஒரே முகவரி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இன்னும் இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று முதியோர் இல்லம், இன்னொன்று ஓர் அடுக்குமாடியின் தரைத்தளம். தாதியர் துறை மாணவிகள் அந்த இரண்டுக்கும் பயிற்சிக்குப் போனவர்கள், நேரில் பார்த்திருந்தார்கள். சந்தேகம் அந்தக் கடை ஒன்றில்தான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“போய்ப் பார்த்துருவோம்” என்றார் சேகர் அண்ணன்.

டீனிடம் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பிவிட்டேன். என் காடியில் சரவணன் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னான். சேகர் அண்ணன் தன் லாரியில் பின்னால் வந்தார். வழியெல்லாம் அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

கடைக்கு மாடி இல்லை. தகரக் கூரை, அதன்கீழ் அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள். கடைக்காரரிடம் பட்டியலைக் காட்டினோம். அவர் பெயர்களைப் படித்துவிட்டு, கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார்.

“எல்லாம் பின்னால உள்ளவங்க. லெட்டர் இதுலதான் போட்டு வைப்பேன். யார் யாருன்னு நீங்களே பார்த்துக்கங்க.”

டின்னுக்குள் மின்சாரக் கட்டணச் சீட்டுகள், மருத்துவமனைக் கடிதங்கள், ஒரு கல்யாணப் பத்திரிகை. பட்டியலில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக அதில் வந்தன. நடுவில் நம் கல்லூரிச் சின்னம் போட்ட உறைகள் இரண்டு. பிரிக்கவில்லை. உறையின் கண்ணாடித்தாள் வழியே பெயரைப் படித்தேன். சரவணன். கீழே கடையின் எண்.

நான் எழுதிய கடிதங்கள்தான். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அவன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“காலேஜ் லெட்டர்னு தெரியும் மிஸ். உள்ள என்ன இருக்கும்னும் தெரியும். அதான் எடுக்கல.”

கடைக்குப் பக்கவாட்டில் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து. அதில் இறங்கினோம். சாலையிலிருந்து பார்த்தால் பின்னால் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. சிமெண்டுப் படிகள் இறங்கிக்கொண்டே போயின. ஆற்றோரம் வரிசையாகப் பலகை வீடுகள். கடைசி வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது கடையின் கூரை என் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. படியின் கீழ்த்தட்டில் தண்ணீர் வந்து நின்றிருந்தது. என் வரைபடத்தில் இந்த வீடுகள் மேட்டில் இருந்தன.

கடைசி வீட்டுக் கதவைச் சரவணன் தட்டவில்லை. தள்ளித் திறந்தான்.

“சரவணா? இன்னிக்கு காலேஜ் போகலியா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

கட்டிலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. தலைக்கு மேல் ஆணியில் ஒரு மருந்துத் தண்ணீர்ப் பை தொங்கியது, அதிலிருந்து குழாய் ஒன்று இறங்கி வயிற்றருகே சேலைக்குள் போனது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்கிற டயாலிசிஸ். சுவரோரம் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளை உயரமாக வைத்திருந்தார்கள். பட்டியலில் எட்டாவது பெயர் அவருடையது.

“எங்க மிஸ்மா” என்றான் சரவணன்.

அந்த அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

“இவன் லேட்டா வர்றான்னு சொல்லத்தானே வந்தீங்க? திட்டாதீங்க மிஸ். காலையில இந்தப் பையை மாத்தி, பழைய தண்ணி வடியுற வரைக்கும் கூட இருந்துட்டுத்தான் போவான். எனக்குக் கை நடுங்குது. தனியா செய்ய முடியல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைபேசியில் அந்த வீட்டின் இடத்தைக் குறிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். உண்மையிலேயே குறிக்கத்தான் வந்திருந்தேன், எழுத்துகள்தான் தெரியவில்லை.

வெளியே வந்து அவனிடம் கேட்டேன். “ஹால்ல ஏன் சொல்லல? உங்க அம்மா அந்த லிஸ்ட்ல இருக்காங்கன்னு?”

“சொன்னா எங்க அம்மாவுக்காகப் பேசுற மாதிரி ஆயிரும் மிஸ். பதினோரு பேரு இருக்காங்கல்ல.”

சேகர் அண்ணன் அதற்குள் படியில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு வந்துவிட்டார். “போட்டெல்லாம் எதுக்கு? இன்னும் தரையில நடக்க முடியுது. இப்பவே தூக்கிருவோம்” என்று தன் ஆட்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் ஒரு காகிதத்தில் வீடுகளைக் கையால் வரைந்தேன். சந்து, படிகள், பதினோரு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பெயர். எது தாழ்வு என்று சரவணன் சொல்லச் சொல்ல ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண் போட்டேன். அளவுகோல் இல்லை, திசை காட்டும் அம்பு இல்லை. மாணவன் யாராவது அப்படி வரைந்து கொடுத்திருந்தால் மதிப்பெண் கொடுத்திருக்கமாட்டேன்.

மதியம் மூன்று மணிக்குள் பதினோரு பேரையும் மேட்டிலிருந்த சமூக மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளைச் சரவணன் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்தான், என் காடியின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. ஐந்தரை மணிக்கு ஆற்றுத் தண்ணீர் படியேறி வந்தது. அந்த அம்மாவின் வீட்டில் கட்டிலின் மெத்தைவரை தண்ணீர் நின்றதாக மறுநாள் சொன்னார்கள். கடை வாசல் காய்ந்தே இருந்தது.

இதோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். துறைத் தலைவர்களில் ஒருவர், தப்பான வரைபடத்தைச் சபையில் வைத்துவிட்டு அதைத் தாங்களே கழற்றுகிற ஒரு பாடம் தம் மாணவர்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வேறு எந்தத் துறையும் இல்லை, சரவணனின் துறைதான். அடுத்த தவணையிலிருந்து அவர்கள் வரவில்லை, திரும்பி வர மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

தேர்வுக் குழுவிடம் போய் நின்றேன். வருகைக் குறைவுக்குக் காரணம் இருக்கிறது, நானே நேரில் பார்த்தேன் என்றேன். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் போயிருக்கின்றன, மாணவன் விளக்கம் தரவில்லை என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறதே என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார்கள். இருந்தது. பதிவேட்டைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைத்தே பழகியவள், அன்று அதே பதிவேட்டுக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். அந்தத் தவணை அவன் தேர்வு எழுதவில்லை. அந்தத் துறையின் கடைசி மாணவர்களாக அவனும் அவனைப்போல் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்த இருவரும் அடுத்த தவணையில் உட்கார அனுமதி வாங்க மட்டும்தான் என்னால் முடிந்தது. வகுப்பை அவர்களுக்காக மதியத்துக்கு மாற்றினேன். அதை முதல் தவணையிலேயே செய்திருக்கலாம். என்ன சிரமம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கணினி எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்கிற நாளில் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுப் பாருங்கள். யாராவது கேட்கும்போது பொருத்தமான பதில் உடனே வாயில் வந்தால், அது தெரிந்து வந்ததா, பேசிப் பழகி வந்ததா என்று ஒரு நொடி நில்லுங்கள். வகுப்பைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு நொடி நில்லுங்கள்.

மூன்றாவது கடிதம் ஒரு வாரம் என் கைப்பையிலேயே கிடந்தது. விதிப்படி அது மாணவனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை அந்தச் சந்தில் இறங்கினேன். படிகளில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அந்த அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரவணன் முழங்கால்வரை சிலுவார்க் காலை மடித்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து உறையை வாங்கினான். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன் பிரித்து, மெல்ல ஒருமுறை முழுக்கப் படித்தான்.

“மன்னிச்சிரு சரவணா. என்னால இத நிறுத்த முடியல” என்றேன்.

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். லேசாகச் சிரித்தான்.

“பரவால்ல மிஸ். இது ஒண்ணாவது வீட்டுக்கு வந்து சேந்துச்சே” என்றான். உள்ளே போய் இன்னொரு நாற்காலியைக் கழுவி எடுத்துவந்து எனக்குப் போட்டான்.